பூனைக்கு ரத்தசோகை: டானிக்குக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பூனைக்கு ரத்தம் குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது, "என்ன டானிக் கொடுக்கலாம் டாக்டர்?" என்றுதான். ரத்தசோகை ஒரு நோயின் பெயர் இல்லை. வேறு ஏதோ ஒன்று உள்ளே நடக்கிறது என்பதற்கான அடையாளம். அந்த "வேறு ஏதோ ஒன்றை" எப்படித் தேடுகிறோம் என்று பூனை வைத்திருப்பவர்கள் கிளினிக்கில் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக் கேள்விகள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவை.

எந்த எண்ணைப் பார்த்து ரத்தசோகை என்கிறீர்கள்?

பி.சி.வி. என்ற எண்ணைப் பார்த்து. மொத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்பதை அது சொல்லும். வளர்ந்த பூனைக்கு ஏறக்குறைய 30 முதல் 45 வரை இருக்கும். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். 25-க்குக் கீழே போனால் நான் காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன். 20-க்குக் கீழே என்றால் தள்ளிப்போட மாட்டேன். 14, 15-க்குக் கீழே தீவிரம். நான்கு முதல் ஆறு வாரக் குட்டிகளுக்கு இயல்பாகவே கொஞ்சம் குறைவாக இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த எண் இரண்டு வகையில் ஏமாற்றும். முதலாவது மெஷின். மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், அந்த மெஷின் மனித அணுக்களின் அளவுக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டது. பூனையின் சிவப்பணு மனிதனுடையதைவிடச் சிறியது, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவோ பெரியது. ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடும். அதனால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பார்க்கும் பழைய முறையைத்தான் நான் நம்புகிறேன். அந்தக் குழாய் எண்ணை மட்டும் சொல்வதில்லை. மேலே நிற்கும் தெளிந்த நீர் மஞ்சளாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன அல்லது கல்லீரலில் கோளாறு. சிவப்பாக இருந்தால், ரத்தம் எடுத்தபோது அணுக்கள் சிதையவில்லை என்பது உறுதியானால், ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைகின்றன. பி.சி.வி.யோடு புரதமும் சேர்ந்து குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு சொட்டு ரத்தத்தில் இவ்வளவு செய்தி கிடைக்கிறது.

இரண்டாவது, நீர்ச்சத்துக் குறைவு. உடலில் தண்ணீர் வற்றிய பூனையின் ரத்தம் கெட்டியாக இருக்கும். எண் கூடுதலாகத் தெரியும். முதல் நாள் 26 என்று வந்து, இரண்டு நாள் டிரிப் ஏற்றியதும் 20-க்கு இறங்கினால் டிரிப் ரத்தத்தைக் குறைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உண்மையான எண் அப்போதுதான் தெரிகிறது.

திடீரென வந்ததா, ரொம்ப நாளாக இருப்பதா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் பூனை உள்ளே வரும் விதத்திலேயே தெரிந்துவிடும். பி.சி.வி. 12 இருக்கும், பூனை நிதானமாக மேஜையைச் சுற்றி நடந்து, தராசை மோந்து பார்க்கும். விபத்தில் அடிபட்டு ஒரே நாளில் அந்த எண்ணுக்கு வந்த பூனையால் தலையைத் தூக்கக்கூட முடியாது. மெதுவாகக் குறைந்தால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது.

பூனையின் சிவப்பணு சுமார் 70 நாள் வாழும். மனிதனுக்கு 120 நாள். எலும்பு மஜ்ஜை உற்பத்தியை இன்றைக்கே முழுசாக நிறுத்திவிட்டாலும், இருக்கும் அணுக்கள் தீரப் பல வாரங்கள் ஆகும். அந்த வாரங்களில் பூனை கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், ஜன்னல் மேடைக்குத் தாவுவதை விட்டுவிடும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஈறு. பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் எல்லாமே வெளிறித்தான் தெரியும். ஆரஞ்சு நிறப் பூனைகளுக்கு ஈறில் கறுப்புப் புள்ளிகள் இருப்பது சகஜம், கறுப்புப் பூனைகளுக்கு ஈறே கறுத்திருக்கலாம். அப்போது கீழ் இமையை மெல்ல இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அது தனிச் செய்தி, உடனே சொல்ல வேண்டியது.

தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் சிரித்துக்கொண்டே சொல்வது: "சுவத்தை நக்குது டாக்டர்." சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர், மலம் கழிக்கும் தட்டில் உள்ள மண் இவற்றைப் பூனை நக்கினாலோ தின்றாலோ ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மலம் தார் மாதிரிக் கறுப்பாக இருக்கிறதா, சிறுநீர் டீ நிறத்தில் போகிறதா என்றும் பாருங்கள்.

டாக்டர் ரெட்டிகுலோசைட் எண்ணிக்கை எடுக்கச் சொல்கிறார். எதற்கு?

ஒரே ஒரு பரிசோதனைதான் செய்ய முடியும் என்றால் நான் அதைத்தான் செய்வேன். ரெட்டிகுலோசைட் என்பது மஜ்ஜையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த இளம் சிவப்பணு. ரத்தம் குறைந்தால் ஆரோக்கியமான மஜ்ஜை சும்மா இருக்காது. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இளம் அணுக்களை வெளியே தள்ளத் தொடங்கும். அவை நிறைய இருந்தால் கிணறு நன்றாக ஊறுகிறது, குடத்தில்தான் ஓட்டை. இல்லை என்றால் கிணறே வற்றியிருக்கிறது. இந்த இரண்டுக்கும் காரணங்கள் வேறு, பரிசோதனைகள் வேறு, மருந்தும் வேறு.

பூனையிடம் ஒரு விசேஷம் உண்டு. அதற்கு ரெட்டிகுலோசைட் இரண்டு வகை. ஒன்றில் உள்ளே சாயம் பிடித்த பகுதி கொத்தாகத் தெரியும்; இன்னொன்றில் புள்ளிகளாகத் தெரியும். புள்ளி வகை வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றும். மஜ்ஜை எப்போதோ செய்த வேலைக்கு அது சாட்சி. இன்றைய நிலவரத்தைச் சொல்வது கொத்து வகைதான், அதை மட்டும் எண்ண வேண்டும். ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 50,000-க்கு மேல் இருந்தால் மஜ்ஜை முயற்சி செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். ரிப்போர்ட்டில் சதவீதம் மட்டும் இருந்தால் அதை நம்பி முடிவு செய்ய வேண்டாம். மொத்தச் சிவப்பணுவே குறைந்திருக்கும்போது சதவீதம் பெரிதாகத் தெரியும்.

இதோடு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஒரு மனிதர் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மெஷின் பார்க்காத பலவற்றை ஸ்மியர் காட்டும்.

மஜ்ஜை வேலை செய்கிறது, ஆனாலும் ரத்தம் குறைகிறது. எங்கே போகிறது?

ஒன்று வெளியே கசிகிறது, அல்லது உள்ளேயே உடைகிறது.

கசிவில் நம் ஊரில் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சிமேல்தான். சிறு பூச்சிதானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பெண் தெள்ளு நாளைக்குச் சுமார் 13 மைக்ரோலிட்டர் ரத்தம் உறிஞ்சும். 75 தெள்ளு சேர்ந்தால் நாளைக்கு ஒரு மில்லி. அரைக் கிலோக் குட்டியின் உடலில் மொத்தமே 30 மில்லி ரத்தம்தான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சீப்பால் வாரி, உதிர்வதை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் பூனையின் ரத்தம். அவசரத்தில் நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தைப் பூனைமேல் ஊற்றிவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொல்லும்.

அடுத்தது கொக்கிப்புழு, மலப் பரிசோதனையில் தெரியும். நடுவயது தாண்டிய பூனைக்குக் குடலுக்குள் மெதுவாகக் கசிந்தால் புண்ணா, கட்டியா என்று வயிற்று ஸ்கேனில் தேட வேண்டும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான பரிசோதனை, கறி மீன் தின்னும் பூனைக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கசிவு மாதக்கணக்கில் நீடித்தால் இரும்புச்சத்து தீர்ந்துபோகும். அப்போது சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப்போகும், முதலில் முயற்சி செய்துகொண்டிருந்த மஜ்ஜையும் ஓய்ந்துவிடும். ஓட்டைக் குடமாகத் தொடங்கியது வற்றிய கிணறாக முடிகிற இடம் இது.

"மைக்கோபிளாஸ்மா பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. இதுதான் காரணமா?

இருக்கலாம். சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் கிருமி இது. எந்த மைக்கோபிளாஸ்மா என்று முதலில் பாருங்கள். மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் என்றால் தனியாகவே கடுமையான ரத்தசோகையை உண்டாக்கும். ஹீமோமினியூட்டம் என்றால் நன்றாக ஓடியாடும் பூனைகளிடமும் அடிக்கடி காணப்படுவது. அது கிடைத்துவிட்டது என்று தேடலை நிறுத்தினால் உண்மையான காரணம் தப்பித்துவிடும். (பழைய சீட்டில் ஹீமோபார்ட்டனெல்லா என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், இதே கிருமிகளின் முந்தைய பெயர்.)

வெளியே சுற்றிச் சண்டை போடும் கடுவன்களிடம் இது அதிகம். ஸ்மியரில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று சொல்ல முடியாது. கிருமி சில நாள் ரத்தத்தில் தலைகாட்டும், சில நாள் மறையும். குழாயில் வைத்திருந்த ரத்தத்தில் அணுக்களைவிட்டு உதிர்ந்தும் போகும். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனைதான் நம்பகமானது, அதற்கான ரத்தத்தை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். மருந்து பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின், சில வாரங்களுக்கு. மாத்திரையைத் தொண்டையில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கி, அந்த இடத்தையே சுருக்கிவிடும். பின்னாலேயே சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீர் கொடுங்கள்.

மீன் குழம்புச் சோறுதான் தினமும் கொடுக்கிறோம். அதனால் வருமா?

வரும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு எல்லாமே பூனையின் சிவப்பணுவைத் தாக்கும். கொதித்தாலும் வறுத்தாலும் அந்தக் குணம் போகாது. கிலோ எடைக்கு 5 கிராம் வெங்காயமே பூனையின் ரத்தத்தில் மாற்றம் காட்டப் போதுமானது. நான்கு கிலோப் பூனைக்கு அது நாலைந்து சின்ன வெங்காயம். பூனையின் ஹீமோகுளோபின் இந்த வகைத் தாக்குதலில் எளிதாகக் கெடும். கெட்டது அணுவின் ஓரத்தில் ஒரு மொட்டு மாதிரி ஒட்டி நிற்கும். ஹைன்ஸ் உருண்டை என்பார்கள். ஸ்மியரில் சாயம் போட்டால் தெரியும். தினம் கொஞ்சமாக உள்ளே போனால் தினம் கொஞ்சம் அணுக்கள் உடையும். மீனைத் தனியாக வேகவைத்து வைத்துவிடுங்கள், குழம்பு உங்களுக்கு.

பாராசிட்டமாலும் இதே பாதையில்தான் தாக்கும், பலமடங்கு வேகமாக. பூனைக்குக் காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்ததாகச் சொன்னால் அது அவசர சிகிச்சை. ஈறு வெளிறாமல் சாக்லேட் நிறத்துக்குப் போகும்.

உடலே தன் ரத்தத்தை அழிக்கிறது என்கிறார்களே?

அதுவும் உண்டு. நாயில் இதைக் கண்டுபிடிக்க உதவும் உருண்டை வடிவச் சிவப்பணுக்களைப் பூனையில் அடையாளம் காண்பது கடினம்; பூனையின் அணுவுக்கு இயல்பிலேயே நடுவில் வெளிறிய வட்டம் சரியாக இருக்காது. அணுக்கள் நாணய அடுக்கு மாதிரி ஒட்டி நிற்பதும் பூனைக்குச் சகஜம். சலைன் கலந்ததும் பிரிந்துவிட்டால் அது நோயில்லை. கலந்தும் கொத்தாகவே நின்றால்தான் சந்தேகம் வலுக்கும். தொற்று, மருந்து, புற்று இவற்றை எல்லாம் தள்ளிய பிறகுதான் இந்த முடிவுக்கு வருவோம். அபிசீனியன், சோமாலி இனப் பூனைகளாக இருந்தால் பிறவிக் குறைபாட்டுக்கான மரபணுப் பரிசோதனை ஒன்றும் உண்டு.

ரெட்டிகுலோசைட் இல்லவே இல்லை என்று வந்தால்?

நாள்பட்ட ரத்தசோகையோடு வரும் பூனைகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான்.

வயதான பூனை என்றால் முதலில் சிறுநீரகம். மஜ்ஜையை "உற்பத்தி செய்" என்று தூண்டும் எரித்ரோபாய்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் அந்த உத்தரவு வராது. ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். சிறுநீரகக் கோளாறு முற்ற முற்றத்தான் ரத்தமும் குறையும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) லேசாகக் கூடியிருக்கிறது, பி.சி.வி.யோ 12 என்றால் சிறுநீரகத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் போய்விடக் கூடாது. வேறொன்றும் சேர்ந்திருக்கிறது. சிறுநீரகம்தான் காரணம் என்று உறுதியானால் எரித்ரோபாய்டின் வேலையைச் செய்யும் டார்பிபோய்டின் ஊசி இருக்கிறது. அமெரிக்காவில் 2023 மே மாதம் மோலிடுஸ்டாட் என்ற வாய்வழி மருந்துக்கு, சிறுநீரக நோயுள்ள பூனைகளின் ரத்தசோகைக்காக நிபந்தனையுடன் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். பூனையின் உடலே எரித்ரோபாய்டினைச் சுரக்கும்படி அது தூண்டுகிறது.

அடுத்தது நீண்ட நாள் அழற்சி. வாய் முழுக்கப் புண், ஆறாத சீழ்க்கட்டி, நெஞ்சுக்குள் சீழ், எங்கோ ஒரு புற்று. இவை இருக்கும்போது உடல் இரும்பைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. கிருமிக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கான தற்காப்பு. குதிர் நிறைய நெல் இருக்கிறது, குதிர்தான் பூட்டியிருக்கிறது. வெளியிலிருந்து இன்னும் நெல் கொட்டி என்ன பயன்? இந்த வகையில் ரத்தம் பொதுவாக மிதமாகத்தான் குறையும், காரணமான நோய் தீர்ந்தால் தானே ஏறும்.

இரண்டு வயதுக்குட்பட்ட பூனை, விட்டுவிட்டுக் காய்ச்சல், வயிறு உப்பல், ரத்தத்தில் குளோபுலின் என்ற புரதம் அதிகம் என்றால், பூனைகளின் கொரோனா வைரஸால் வரும் எஃப்.ஐ.பி. நோயை நினைக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன்புவரை இந்தப் பெயரைச் சொன்னால் கையை விரிப்போம். இன்று ஜி.எஸ். 441524 மருந்தால் பல பூனைகள் பிழைக்கின்றன, அதனால் இதைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பது முக்கியம்.

மருந்துகளையும் மறக்காமல் சொல்லுங்கள். படைக்குக் கொடுக்கும் கிரிசியோஃபுல்வின் சில பூனைகளின் மஜ்ஜையை அடக்கிவிடும், எஃப்.ஐ.வி. (எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் பூனை வைரஸ்) உள்ள பூனைக்கு இன்னும் ஆபத்து.

லுகேமியா வைரஸ் பரிசோதனை நெகட்டிவ். அதை விட்டுவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். கிளினிக்கில் பத்து நிமிடத்தில் செய்யும் கிட், வைரஸின் புரதம் ரத்தத்தில் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும். சில பூனைகளில் வைரஸ் ரத்தத்தைவிட்டு மறைந்து மஜ்ஜைக்குள் ஒளிந்திருக்கும், அப்போது பி.சி.ஆர். தேவைப்படும். இளம் அணுக்களே இல்லாமல் சிவப்பணுக்களின் சராசரி அளவு மட்டும் பெரிதாக இருந்தால் எனக்கு இந்த வைரஸ்மேல் சந்தேகம் கூடும். அதே கிட்டில் எஃப்.ஐ.வி.யும் பார்ப்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியில் எஃப்.ஐ.வி. பாசிட்டிவ் என்று வந்தால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம், பிறகு திரும்ப எடுக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டே ஆக வேண்டுமா?

எல்லாருக்கும் வேண்டாம். மேலே சொன்னவற்றில் எதுவும் பொருந்தவில்லை, ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, அல்லது வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து குறைந்திருக்கின்றன என்றால் வேறு வழியில்லை. மயக்கம் கொடுத்து தோள்பட்டைப் பக்க எலும்பிலோ இடுப்பெலும்பிலோ எடுப்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை. எடுப்பதைவிட எடுத்ததைப் படிப்பதுதான் கடினம். பழகிய நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். சென்னை வேப்பேரியில் இருப்பது போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நான் அனுப்புவது இதனால்தான். இளம் பூனைகளில், முதிராத சிவப்பணுக்களை உடலே மஜ்ஜைக்குள் அழிக்கும் ஒரு வகை இதில் தெரியவரும். எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் சிகிச்சைக்கு மடங்குவது. பலன் தெரியப் பல வாரம் ஆகும்.

அதற்குப் பதில் ஸ்டெராய்டு போட்டுப் பார்க்கலாமே?

பார்த்தவர்கள் உண்டு. ஒரு வாரம் பூனை நன்றாகச் சாப்பிடும், எல்லாருக்கும் சந்தோஷம். லிம்ஃபோமா என்ற புற்று இருந்தால் அது தற்காலிகமாகச் சுருங்கி, அப்புறம் எடுக்கும் பரிசோதனையில் பிடிபடாமல் போகும். ஒளிந்திருக்கும் தொற்று இருந்தால் அதற்கு ஊக்கம். மாதிரிகளை எல்லாம் எடுத்து முடித்த பிறகு, உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் தொடங்குவது வேறு விஷயம்.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம், ஈரல்?

முதல் மூன்றும் பூனைக்கு உதவாது. ஈரல் எப்போதாவது ஒரு துண்டு பரவாயில்லை. தினமும் கொடுத்தால் விட்டமின் ஏ அளவு மீறி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இரும்பு டானிக், இரும்பு குறைந்திருக்கிறது என்று தெரிந்தால் மட்டும்.

ரத்தம் ஏற்றினால் சரியாகிவிடாதா?

நேரம் கிடைக்கும், காரணம் அப்படியே இருக்கும். எண்ணைப் பார்த்து ஏற்றுவதில்லை. மூச்சு வாங்குகிறதா, நிற்க முடிகிறதா என்று பார்த்து ஏற்றுகிறோம். பூனைக்கு ஏ, பி, ஏபி என்று ரத்த வகைகள் உண்டு. நாய் மாதிரி "முதல் தடவை எதை ஏற்றினாலும் தாங்கும்" என்ற சலுகை இங்கே இல்லை. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் சில மில்லி போனாலே உயிர் போகலாம். வகை பார்க்காமல் ஏற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனைக்கான ரத்தத்தை ஏற்றும் முன்பே எடுத்துவிட வேண்டும். அப்புறம் எடுத்தால் பாதி கொடையாளிப் பூனையின் கதையாக இருக்கும்.

இப்படி அடிக்கடி ரத்தம் எடுத்தால் அதனாலேயே குறையாதா?

நியாயமான கேள்வி. நான்கு கிலோப் பூனையிடம் மொத்தம் 250 மில்லி போல ரத்தம் இருக்கும். மருத்துவமனையில் தினம் மூன்று மில்லி வீதம் எடுத்தால் ஒரு வாரத்தில் அது கணிசம்தான். பி.சி.வி.க்கும் ஸ்மியருக்கும் சில சொட்டுப் போதும், அதைக் கேட்டு வாங்குங்கள். நிலைமை கட்டுக்குள் இருந்தால் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. முடிந்தால் ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுங்கள். ஒரு தடவை மயக்க ஊசி போட்டும் அடுத்த தடவை போடாமலும் எடுத்தால் ஒப்பிட முடியாது. மயக்கத்தில் பூனையின் மண்ணீரல் தளர்ந்து சிவப்பணுக்களை உள்ளே வாங்கிக்கொள்ளும், எண் தானாகவே சில புள்ளிகள் இறங்கிவிடும். எல்லா ரிப்போர்ட்டையும் தேதிப்படி ஒரே ஃபைலில் வைத்து எடுத்து வாருங்கள். முதல் ரிப்போர்ட்டையும் சேர்த்து.